ஒரே வாயில் இரண்டு சாட்சி

தம்மபாலனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சுரங்கத்தில் பாறை சரிந்து இடக்கையில் மூன்று விரல் போன பிறகு, ஆள் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாயிலிருந்த டெலிபோன் அறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். அங்கேயும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஷிப்ட் முடிகிறபோது பூமிக்கடியில் அறுபதாவது தட்டிலிருந்து அறுபத்து நான்கு வரை ஐந்து லெவலிலும் வெடி வைப்பார்கள். புகை எந்த லெவலுக்குப் பாயும் என்று சொல்ல முடியாது. அதனால் வெடிக்காரனைத் தவிர மற்ற நான்கும் காலி என்று தன் காதால் கேட்காமல் எந்த வெடிக்காரனும் திரியைத் தொடமாட்டான். ஆளுக்கு நாலு, மொத்தம் இருபது டெலிபோன் பேச்சு. முக்கால் மணி நேரம் அனலில் வேகவேண்டும்.

தம்மபாலன் சிகரெட் அட்டையில் கோடு போட்டுப் பார்த்து ஒரு வழி சொன்னான். ஐந்து பேரும் அவனிடம் சொல்லட்டும். எல்லாம் சேர்ந்ததும் ஐந்து பேருக்கும் அவன் சொல்வான். பத்தோடு முடிந்தது. ஒரு லைன் செத்துப்போனால் மேல் லெவலும் கீழ் லெவலும் அது காலி என்று சாட்சி சொன்னால் போதும். அதுவும் அவன் போட்ட விதிதான். ஆறு வருஷம் தடங்கலில்லாமல் ஓடியது.

1965-ல் ஒரு மத்தியானம் பூமி லேசாகக் குலுங்கியது. அங்கே அது வழக்கம்தான். ஆனால் அறுபத்திரண்டின் போன் ஊமையாகிவிட்டது. அங்கே வெடிக்காரர் நேசமணியோடு சேர்த்து ஆறு பேர். அந்த லெவல்காரர்கள் பக்கத்து ஷாஃப்ட் வழியாகவும் ஏறிப்போவார்கள் என்பதால் வாசலில் எண்ணிப் பயனில்லை.

அறுபத்தொன்றிலிருந்து வெடிக்காரன் தங்கவேலு, “அவங்க ஏறிட்டாங்கண்ணே, காலி” என்றான். அறுபத்து மூன்றிலிருந்து ராஜேந்திரனும் அதையே சொன்னான். விதிப்படி ஐந்தும் சேர்ந்தாயிற்று.

தம்மபாலன் ரிசீவரை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

“இன்னாய்யா, புதுப் பொண்ணு மாதிரி தயங்கறே. சொல்லித் தொலை” என்றார் ஷிப்ட் மேஸ்திரி ராஜப்பா.

“ஒரு நிமிஷம் மேஸ்திரி.” தங்கவேலுவைக் கூப்பிட்டான். “ஏறினதை நீ பாத்தியா?”

“நான் எங்கண்ணே பாத்தேன்? பம்புக்கார சிவலிங்கம் சொன்னாரு.”

அடுத்து ராஜேந்திரன். “பம்புக்காரருதான் சொல்லிட்டுப் போனாரு. இன்னாண்ணே, கோர்ட்டா நடத்தறே?”

இரண்டு சாட்சி என்று எண்ணியது ஒரே வாய். ஆறு வருஷமாகத் தன் விதியில் இந்த ஓட்டை இருந்திருக்கிறது.

“வெடி நிக்கட்டும். ஆள் ஏத்தற கூண்டை அறுபத்திரண்டுக்கு அனுப்புங்க.”

“ஆள் இல்லேன்னா உன் வேலை போவும்” என்றார் ராஜப்பா.

“போவட்டும்.”

இருபது நிமிஷம். நாலு லெவலிலிருந்தும் மாற்றி மாற்றித் திட்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் “நிக்கட்டும்” என்றான். பிறகு கீழேயிருந்து மணி மூன்று முறை அடித்தது. ஆட்கள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம்.

கூண்டிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள். “கல்லு விழுந்து வழி அடைச்சிக்கிச்சு. இவ்ளோ நேரம் அதைத்தான் தள்ளிக்கினு இருந்தோம்” என்றார் நேசமணி. பம்புக்காரர் சொன்னதைக் கேட்டதும், “சிவலிங்கம் பாத்தது எங்களை இல்லே, வேற லெவல் ஆளுங்களா இருக்கும்” என்றார்.

ராஜப்பா பீடி பற்றவைத்தார்.

தம்மபாலன் முதலில் ராஜேந்திரனைக் கூப்பிட்டான். “அறுபத்திரண்டு காலி. ஆறு பேர் என் முன்னாடி நிக்கறாங்க. இப்போ வெய்யி.”



“சரிண்ணே” என்றான் ராஜேந்திரன்.