திரும்பிச் சுற்றாத ஸ்பேனர்

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு, கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் வீதியில், நுரைச்சோலைக்குக் கொஞ்சம் முன்னால் இது நடந்தது. பிள்ளைகளே, அன்று காலையில் புத்தளத்தில் என் ராத்தா, என் கூடப்பிறந்த அக்கா, மௌத்தாகிவிட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்றார்கள். அதற்குள் ஒரு தடவை அவருடைய முகத்தைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு எண்ணமே இல்லை.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், கராஜ் வைத்திருப்பவர். அவருடைய வேனில்தான் புறப்பட்டோம். வழியில் எஞ்சின் பெல்ட் அறுந்தது. புதுப் பெல்ட் கையிலிருந்தது. அதைப் போட ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும். எஞ்சினுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவில் கை நுழையுமளவுதான் இடம்.

மச்சான் ரெச்சட் ஸ்பேனரை எடுத்தார். சாதாரண ஸ்பேனரை ஒவ்வொரு தடவையும் எடுத்து எடுத்து மாட்ட வேண்டும். இதை எடுக்கத் தேவையில்லை. பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் போதும், ‘டிக் டிக்’ என்று கழன்று வரும்.

அந்த நேரம் மரக்கறி லொறி ஒன்று வந்து நின்றது. முன்பின் தெரியாத சிங்களச் சாரதி, விஷயத்தைக் கேட்டதும் கதவைத் திறந்து ஏறச் சொன்னார். நான் ஒரு காலைத் தூக்கி வைத்தேன். மச்சான் குனிந்த தலையைத் தூக்காமலே சொன்னார்:

“என்ட கைல நம்பிக்கை இல்லயா மச்சான்? பாதி கழண்டுட்டு. வெங்காய மூட்டையோட போய் இறங்கப் போறீங்களா?”

விடிந்ததிலிருந்து எனக்காக ஓடித்திரிந்தவர். விட்டுவிட்டுப் போனால் மனம் நோகுமே என்று காலை இறக்கினேன். லொறி போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. வெளியே வந்த போல்ட்டின் தலை தகட்டில் முட்டி, ஸ்பேனர் நடுவில் சிக்கிக்கொண்டது. அதை உருவ இடமில்லை. போல்ட்டைத் திரும்ப உள்ளே முறுக்கவும் முடியவில்லை. அந்த ஸ்பேனர் ஒரு பக்கம்தான் பிடிக்கும், மறுபக்கம் சும்மா ‘டிக் டிக்’ என்று ஓடும். பாதியில் நிறுத்தி, சாதாரண ஸ்பேனருக்கு மாறியிருக்க வேண்டும். மச்சானுக்குத் தெரியாததல்ல. என் அவசரம் அவர் கையிலும் ஏறிவிட்டது.

ஸ்பேனரை விடுவிக்க, ஜாக்கி வைத்து எஞ்சினையே கொஞ்சம் தூக்க வேண்டியதாயிற்று. நான் ஜாக்கியைப் பிடித்திருந்தபடியே, பஸ் ஒன்று கடந்து போவதைப் பார்த்தேன். பள்ளியில் அஸர் பாங்கு சொன்னது. ராத்தா வீட்டுக்குப் போனில் கோல் எடுத்து, எனக்காக ஜனாஸா நல்லடக்கத்தைப் பிந்த வைக்க வேண்டாம் என்று நானே சொன்னேன்.

பெல்ட்டைப் போட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் அடக்கம் முடித்து மையவாடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஈர மண்ணுக்குப் பக்கத்தில் நின்று துஆ கேட்டேன். மச்சான் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“நானே உங்கள லொறில ஏத்தி விட்டிருக்கணும்” என்றார்.

அவர் மீது எனக்கு இன்றுவரை கோபமில்லை. “நான் முன்னுக்குப் போறேன், நீங்க வாங்க” என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு லொறியில் ஏறியிருக்கலாம், அவரும் விளங்கிக்கொண்டிருப்பார். இனி யாராவது கதவைத் திறந்தால் ஏறிவிடுவேன்தான், ஆனால் அன்று நான் போக வேண்டியிருந்த இடத்துக்கு இனி எந்த லொறியும் போகாது.