புளி போட்டுத் துலக்கிய தராசு

முட்டை நிறுக்கும் தராசைக் கடிதத் தராசு என்று வாங்கி வந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் மாதக் கணக்கில் விளக்கம் சொன்ன முட்டாள் நான். ஒரு நாள் என் மனைவி அதில் ஒரு முட்டையை வைத்துப் பார்த்தாள். கடிதம் வைத்தால் வழுக்கி விழுகிற தட்டில் முட்டை மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்தது.

"கடுதாசித் தராசாம்! மொதல்ல உங்களுக்கு யாருங்க கடுதாசி போடுறா?"

அதோடு அடங்கியிருக்கலாம். அறுபதுகளின் நடுவில் ஞாயிறுதோறும் சுங்கை ரோட்டுப் பழஞ்சாமான் சந்தையில் குந்தியிருந்து துருப்பிடித்த தராசுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சிலவற்றின் முகப்பில் எத்தனை அவுன்சுக்கு என்ன தபால் கட்டணம் என்று பொறித்திருக்கும். அதை வைத்தே எந்தக் காலத்துத் தராசு என்று சொல்லிவிடலாம். நானும் சொல்லிவிடுவேன். பாதி தப்பாக இருக்கும்.

என் புகழ் தீவின் வடகோடியிலிருந்த செம்பவாங் வரை போயிருந்தது. அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் நண்பன், பித்தளைத் தராசு ஒன்றைத் துண்டில் சுற்றித் தேக்காவிலிருந்த என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் மனைவி முந்தைய வருடம்தான் தவறியிருந்தாள். ஊரிலிருந்த அம்மாவுக்கு எழுதும் கடிதங்களை அதில் நிறுத்துத்தான் தபால்தலை ஒட்டுவாளாம்.

"எந்தக் காலத்துதுன்னு பாத்துச் சொல்லுலா. பத்திரம். அவ ஞாபகமா வீட்டுல இருக்கறது இது ஒண்ணுதான்."

"என் கைக்கு வந்துடுச்சில்ல? பெரியாஸ்பத்திரிக்கு வந்த மாதிரிடா."

முகப்பில் ஏதோ காய்ந்து அப்பியிருந்தது, எழுத்துத் தெரியவில்லை. வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதையே செய்தேன்: புளி, சாம்பல், தேங்காய் நார். தராசு பொன்னாய் மின்னியது. கட்டணமும் தெரிந்தது. முதல் உலகப் போருக்கு முந்தியது. நான் சரியாகக் கண்டுபிடித்தது அந்த ஒன்றைத்தான்.

நண்பன் வந்தபோது ஒரு பிரசங்கமே செய்தேன். அவன் கேட்கவில்லை. விரலால் முகப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இங்க பொட்டு இருந்துச்சே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தேய்த்தது அழுக்கை இல்லை. அவள் கும்பிட்ட கடைசி ஆயுத பூஜையின் சந்தனத்தையும் குங்குமத்தையும். வருடா வருடம் என் சைக்கிளுக்குப் பொட்டு வைக்கிற எனக்கு அது தெரியாமல் போயிற்று. இன்றைக்கும் வீட்டில் பித்தளை துலக்கினால் நான் வெளியே போய்விடுகிறேன்.

அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"குங்குமம் இருக்குடா. இப்பவே புதுசா வெச்சுடுறேன்" என்று எழுந்தேன்.

அவன் தராசைத் துண்டில் சுற்றினான்.

"அது அவ வெச்சதுலா."