ரெண்டாம் பாட்டும் ஆறரை வண்டியும்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பணி ஓய்வு விருந்து. காரைக்குடியில் பழைய பெரிய வீடுகள் பலவும் இப்போது ஹோட்டலாகிவிட்டன அல்லவா, அப்படி ஒன்றில்தான் சாப்பாடு. ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். தூணுக்குப் பின்னால் எங்கோ ஒளித்து வைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து வயலின் இசை மெதுவாகக் கேட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றுவிட்டேன். இடது கை தானாகப் போய் நாற்காலியில் தொங்கிய கைப்பையைப் பிடித்திருந்தது.

“என்ன மேடம், எங்குட்டுக் கிளம்பிட்டீக? இன்னும் பாயசமே வரலயே!” என்றார் பக்கத்து இலைக்காரர்.

அசடு வழிய உட்கார்ந்தேன். பாயசம் வருவதற்கு முன்னால் எழுந்து போகிற ஆள் நான் இல்லை என்பது அலுவலகத்துக்கே தெரியும். என்னை எழுப்பிவிட்டது அந்தப் பாட்டு. நாங்கள் அதை ‘ரெண்டாம் பாட்டு’ என்போம். ஏதோ ஐரோப்பிய மெட்டு. அதன் உண்மையான பெயரை எங்கள் வயலின் மாஸ்டர் பலகையில் எழுதிப் போட்டார். ஒருவர் வாயிலும் நுழையவில்லை. முதலில் கற்றது கடவுள் வாழ்த்து, ஆகவே அடுத்தது ரெண்டாம் பாட்டு.

இலை போட்டிருந்த இடமும் அதே இடம்தான். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், தாழ்வாரத்தில் வரிசையாகத் தூண்கள். இந்த வளவில்தான் படிப்பை முடித்துவிட்டு நிரந்தர வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் மாலை மாலை வந்து நிற்பேன். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு, நம்மூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டமாக உட்கார்ந்து வயலின் வாசித்தால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை. வீட்டைத் திறந்துவிட்டார், கருவிகளை வாங்கிப் போட்டார், மதுரையிலிருந்து ஓர் இளம் மாஸ்டரைக் கொண்டுவந்தார். வருகை எடுக்கவும், சுண்டல் கொடுக்கவும், பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பவும் என்னைப் போட்டார்கள். இசைக்கும் எனக்கும் அதுவரை இருந்த உறவு, ரேடியோவில் சத்தத்தைக் குறைக்கத் தெரியும் என்ற அளவில்தான்.

இப்போதும் குங்கிலியம் வாசனை வந்தால் எனக்குக் கோயில் ஞாபகம் வருவதில்லை, அந்த வளவுதான் வரும். வயலின் வில்லில் தேய்க்க ரோசின் என்று ஒரு கட்டி கொடுத்திருந்தார்கள். பார்க்கவும் முகரவும் ஏறக்குறைய குங்கிலியம். அதோடு வேகவைத்த கொண்டைக்கடலையும் பெருங்காயமும் சேர்ந்த ஒரு மணம். சொன்னால் நம்பமாட்டீர்கள், சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பையன் வில் கீச்சுக்கீச்சென்று கத்துகிறதே என்று வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டான். கதவு கத்தினாலும் எண்ணெய், தையல் மெஷின் கத்தினாலும் எண்ணெய், வில் மட்டும் என்ன பாவம் செய்தது? எண்ணெய் பட்ட வில்லில் சத்தமே வராது என்று அன்று தெரிந்துகொண்டோம். “மதுரைக்குக் கொண்டுபோய் வில்லுக்குக் குதிரைமுடி மாத்தணும்” என்றார் மாஸ்டர், அழாக்குறையாக.

கருவிகளில் பெரியது செல்லோ. வயலின் போலத்தான், ஆனால் தரையில் ஊன்றி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அணைத்து வாசிக்க வேண்டும். பிள்ளைகள் அதற்குப் ‘பெரியம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரியம்மாவைத் தூக்கிப் பிடிக்கும் அளவுக்குக் கையும் காலும் வளர்ந்தவள் ஒருத்திதான். ஆத்தங்குடியிலிருந்து காரைக்குடிப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த அழகுமீனா. அதிகம் பேசமாட்டாள். சுண்டலைக்கூட மற்றவர்கள் வாங்கிய பிறகுதான் வந்து வாங்குவாள். ஆனால் அவள் வில்லை இழுத்தால் தரைக்கல்லில் வைத்த என் கால் வரைக்கும் அதிரும். அவள் வராத நாளில் மற்ற வயலின்கள் சந்தையில் விட்ட பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகும்.

ஒருநாள் பயிற்சி நீண்டு, அவள் ஆறரை வண்டியை விட்டுவிட்டாள். அடுத்த டவுன் பஸ்ஸுக்கு வெகுநேரம். ஊருக்குப் போனபோது நன்றாக இருட்டிவிட்டது. அதன்பிறகு அவளை அனுப்பவில்லை. சில நாள் கழித்து அவளுடைய அப்பா கருப்பையா அண்ணன் வந்தார். தரைக்கல் செய்யும் பட்டறையில் வேலை. நகக்கண்ணில் எப்போதும் சிவப்புச் சாயம் ஒட்டியிருக்கும். வாசல் நிலைக்கு வெளியிலேயே நின்றார்.

“பாட்டெல்லாம் படிக்கட்டும், வேண்டாங்கல. ஆறரை வண்டியில ஏத்தி விட்டீகன்னாப் போதும். அது தவறுச்சுன்னா அடுத்த நாள்ல இருந்து பிள்ளை வராது.”

“நான் பொறுப்புண்ணே” என்றேன். எதற்கெடுத்தாலும் பொறுப்பேற்றுக்கொள்வது அந்த வயதில் எனக்கு ஒரு வியாதி.

அன்றிலிருந்து எங்கள் குழுவின் தாளத்தை ஆறரை வண்டி பிடித்துக்கொண்டது. ரெண்டாம் பாட்டை எப்போதும் கடைசியில்தான் வாசிப்பார்கள். நான் தூண் ஓரமாக நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கிளம்பும் நேரம் வந்ததும் கைப்பையைத் தோளில் மாட்டுவேன், அவ்வளவுதான். வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் பை தோளில் ஏறியதும் மொத்தக் கூட்டமும் வேகமெடுத்துவிடும். மாஸ்டர் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுவார். யார் பார்த்தது? எல்லாக் கண்ணும் என் பையில். மீனா வண்டியைப் பிடிக்க வேண்டும், அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். நாளடைவில் பை ஏறாவிட்டாலும் அந்தப் பாட்டு அந்த ஓட்டத்திலேயே ஓடப் பழகிவிட்டது.

ஆண்டு விழா வந்தது. மாஸ்டர் காலையிலேயே பிள்ளைகளைக் கெஞ்சினார். “இன்னைக்கு ஒருநாளாவது ஓடாம வாசிங்கடா. அது அழுற மாதிரியான பாட்டுடா.” பிறகு என்னிடம் திரும்பி, “அந்தப் பையை எங்கயாவது ஒளிச்சு வைங்க, புண்ணியமாப் போகும்” என்றார்.

ஒளித்துத்தான் வைத்தேன். ஆனால் சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். வந்தவர் இசையின் பெருமையை ஆதியிலிருந்து தொடங்கினார். அது முடிந்ததும் பொன்னாடைகள். போர்த்தியவருக்கே திருப்பிப் போர்த்துவது என்ற நம் வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர்மேல் அன்று எனக்கு வந்த கோபத்தை எழுதினால் நன்றாக இருக்காது. ரெண்டாம் பாட்டு தொடங்கும்போது வழக்கமாக நாங்கள் பஸ் ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பித்திருக்கும் நேரம். மாஸ்டர் சொன்னபடி மெதுவாகத்தான் ஆரம்பித்தார்கள். வண்டி போனால் மீனா போனாள். அறைக்குள் எப்போது போனேன், பையை எப்போது எடுத்தேன் என்று தெரியாது. தூண் ஓரம் வந்து நின்றபோது அது என் தோளில் இருந்தது.

முதலில் பார்த்தவள் மீனா. பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

அப்படி ஒரு வேகத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எண்ணெய் தடவிய பையன் நாக்கைத் துருத்திக்கொண்டு வாசித்தான். மாஸ்டர் கையைக் கீழே போட்டுவிட்டார். முடிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. “என்ன ஒரு துடிப்பு!” என்றார் சிறப்பு விருந்தினர். நான் மீனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே நிலையை மறித்தாற்போல கருப்பையா அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, வண்டி போயிரும்!”

“நான் வந்ததே அந்த வண்டியிலதேன். அது திரும்பிப் போயிருச்சு.” எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “எதுக்கு இந்த ஓட்டம் ஓடுறீக? யாரு வெரட்டுறா?”

“உங்களுக்குப் பயந்துதாண்ணே” என்றேன். மூச்சு வாங்கியதில் உண்மை வந்துவிட்டது.

“பிள்ளையத்தேன் வண்டிக்கு வரச் சொன்னேன். பாட்டை வெரட்டச் சொல்லலயே. இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுங்க. நான் இருந்து கூட்டிட்டுப் போறேன்.”

விருந்தினர் போய்விட்டார். வாடகை நாற்காலிக்காரர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார். எல்லோரும் பார்க்கும்படி பையை நான் தரையில் வைத்தேன். பிள்ளைகள் மறுபடி வில்லைத் தூக்கினார்கள். நான்கு வரிதான் மெதுவாகப் போனது. அதற்குள் வயலின்கள் பழக்கதோஷத்தில் ஓடத் தொடங்கின. மீனா ஓடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பெரியம்மாவை நீளமாக இழுத்தாள், இன்னும் நீளமாக இழுத்தாள். ஓடிய பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அவளோடு சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பாட்டுக்குள் அவ்வளவு துக்கம் இருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“எப்படிண்ணே இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“இதுவும் நல்லாத்தேன் இருக்கு” என்றார். “ஆனா மொதல்ல வாசிச்சதுதேன் நம்ம பிள்ளைக வாசிச்ச மாதிரி இருந்துச்சு.”

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பாவும் மகளும் நாற்காலி ஏற்றிய குட்டியானை வண்டியில் ஊருக்குப் போனார்கள். அதன்பிறகு பயிற்சி நாட்களில் அவரே வந்து கூட்டிப்போனார். என் பைக்கு இருந்த மவுசு போய்விட்டது.

குழு இன்னும் கொஞ்ச காலம் நடந்தது. மாஸ்டருக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அவர் இடத்துக்கு வேறு ஆள் அமையவில்லை. கருவிகளை வண்டியில் ஏற்றிப் போனார்கள், பெரியம்மா இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ. மீனா கோயம்புத்தூரில் இருப்பதாகக் கேள்வி. ஊருக்கு வந்தால் பார்க்கச் சொல்லி ஆள் விட்டிருக்கிறேன். இன்று எந்தப் பிள்ளையும் ஒரு வண்டிக்காக ஓட வேண்டியதில்லை, போனில் சொன்னால் யாராவது ஸ்கூட்டரில் வந்து நிற்கிறார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை.

பாயசம் வந்தது, குடித்தேன். கை கழுவிவிட்டு வரும்போது ஸ்பீக்கரில் ரெண்டாம் பாட்டு சுற்றி மறுபடியும் வந்தது. யாரோ பெரிய குழுவினர், ஒரு பிசிறு இல்லாமல் வாசித்திருந்தார்கள். செல்லோ வரும் இடம் நெருங்கியது. பழைய தூண் ஓரமாகப் போய் நின்றேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

பாட்டு மெதுவாகவே போய்க்கொண்டிருந்தது.