மாடத்து டம்ளர்

சிம்மக்கல் நிறுத்தத்தில் டவுன் பஸ் நகராமல் நின்றபோதுதான் அந்த யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. கைபேசி வீடியோவில் யாரோ ஒரு வெளிநாட்டு முதலாளி பேசிக்கொண்டிருந்தார். வேலை கேட்டு வருபவருக்குக் குடிக்க ஏதாவது கொடுங்கள். காலிக் கோப்பையைத் தானே எடுத்து வைக்கிறாரா என்று பாருங்கள். ஆளின் மனப்பான்மை தெரிந்துவிடும். அம்புட்டுத்தானா என்று எனக்கு ஒரே குதூகலம். இறங்கிய கையோடு அரை டஜன் எவர்சில்வர் டம்ளர் வாங்கிக்கொண்டுதான் ஆபீஸ் மாடியேறினேன். ஆபீஸ் என்றால், சிறு கடைகளிடம் ஆர்டர் எடுத்து மொத்தக் கடைச் சரக்கை அனுப்பிவைக்கும் எங்கள் இரண்டு அறைதான். கூட்டாளியான நண்பன், "மாப்ள, ஆளு எடுக்குறியா, டீக்கடை போடுறியா?" என்று சிரித்தான்.

போனில் ஆர்டர் எடுக்கும் வேலைக்கு வந்தவர்களில் வாடிப்பட்டியிலிருந்து வந்த அந்தப் பெண்ணைப் போல யாரும் பேசவில்லை. நான் கோபக்காரக் கடைக்காரராக நடித்து, "எங்கேம்மா என் சரக்கு?" என்று கத்தினேன். அவர் அசரவில்லை. "அண்ணே, கத்துனா லாரி சீக்கிரம் வந்துருமா? லைன்லயே இருங்க, கேட்டுச் சொல்றேன்." நண்பன் கைதட்டியே விட்டான். டீ வந்தது. குடித்துவிட்டு, டம்ளரை மேசைமேல் வைத்துப் பையை எடுத்தார். நான் டம்ளரையும் மூலையிலிருந்த கழுவும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "எங்கம்மா கூலிக்குப் போற வீட்லதான் சார், குடிச்ச டம்ளரக் கழுவி வச்சுட்டு வரணும். இங்கயுமா?" சேச்சே, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவசரமாகச் சிரித்தேன். அவர் படியிறங்கியதும், "பேச்சு இருக்கு, பணிவு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னேன். வேறொருவரை எடுத்தோம். "சொல்லவே வேணாம் மாப்ள, தானா கழுவி வச்சாரு" என்று நண்பனிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வயலில் களையெடுத்துவிட்டு வந்த பெண்ணுக்கு அம்மா காபி கொடுத்தாள். அம்மா வயதுதான் இருக்கும் அவருக்கு. கொல்லையில் நின்றே குடித்தார். குழாயடியில் டம்ளரைக் கழுவினார். மாட்டுக்கொட்டகைச் சுவர் மாடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அந்த டம்ளரை நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். அது வீட்டுக்குள் வந்ததே இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்கிறவன் என்று பேர் எடுத்த நான், அது ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "நல்ல மனுசி. சொல்லவே வேணாம், தானா கழுவி வச்சுரும்" என்றாள் அம்மா.

நண்பனிடம் நான் பெருமையடித்த அதே வார்த்தைகள். எங்கிருந்தோ வந்த புது யோசனை என்று நான் மாடியேற்றியது எங்கள் கொட்டகை மாடத்து டம்ளரைத்தான். வாடிப்பட்டிக்காரர் அதை ஒரே பார்வையில் கண்டுகொண்டார். அவர் சொல்லியும் எனக்கு ஏறவில்லை.

அவருடைய எண் என் போனில் இருக்கிறது. இரண்டு முறை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இன்னும் ஓர் ஆள் தேவைப்படுகிறது என்று நைசாகத் தொடங்கலாம்தான். வேண்டாம். அவரை ஏன் எடுக்கவில்லை என்பதைத்தான் நாளை காலை முதலில் சொல்லப்போகிறேன்; வேலையைப் பற்றிப் பிறகு. திட்டினால் லைனிலேயே இருப்பேன். வரமாட்டேன் என்றால் அதையும் கேட்டுக்கொள்வேன்.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போய் அந்த மாடத்து டம்ளரை எடுத்துவந்து அடுக்களையில் மற்றவற்றோடு வைக்க வேண்டும். போனைவிட அதுதான் பயமாயிருக்கிறது. எதிரே நிற்கப்போவது அம்மா.