அம்மா கழுவிய சிப்பிகள்

"சிப்பி பொறுக்கவோ கம்பஸுக்குப் போனனீ? நான் படிக்காமலே பொறுக்கிறன்" என்றார் மாமி. கடற்கரையில் சிப்பி மாலையும் சங்கும் விற்கும் கடை அவருடையது. கடைக்குச் சிப்பி கழுவிக் கொடுப்பவர் என் அம்மா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பல்கலைக்கழகக் கடைசி வருட ஆராய்ச்சிக்கு எங்கள் ஊர்ச் சல்லிக் கரையின் நத்தைகளையும் இரட்டை ஓட்டு மட்டிகளையும்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றேன். ஓடுகளை மட்டும் பார்த்து இனம் சொல்லிக் காட்டினால் அந்தத் தலைப்பைத் தரலாம் என்றார் விரிவுரையாளர். வலை உதறும் இடத்தில் மீனவர்கள் கழித்து எறிந்தவற்றை ஒரு வாளி நிறையச் சேர்த்தேன்.

காட்டவேண்டிய நாளுக்கு முதல்நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தால், முற்றத்துச் சாக்கில் எல்லாம் மின்னிக்கொண்டிருந்தன. அம்மா அசிட் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து, தேங்காயெண்ணெயும் பூசியிருந்தார்.

"ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"பின்ன? ஊத்தையோட கொண்டுபோனா உனக்குப் படிப்பிக்கிற சேர் மூக்கைப் பொத்திக்கொண்டெல்லே நிப்பார்!"

ஊத்தை என்று அவர் உரித்தது ஓட்டின் மேல்தோலை. இனம் பிரிக்க அதுவும் வேண்டும். நத்தை உள்ளே ஒடுங்கியதும் வாயை அடைக்கிற மூடிகளும் குப்பையோடு போயிருந்தன. அம்மாவின் விரல்கள் அசிட்டில் வெளுத்துத் தோலுரிந்திருந்தன. மின்னியவற்றை அப்படியே பையில் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் விரிவுரையாளர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "இது கடைச் சாமான். இதை வச்சு என்ன சொல்லேலும்? வேற தலைப்பு எடுங்கோ பிள்ளை."

"ஏலும் சேர். இருந்து கேளுங்கோ."

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். ஒரே அளவில், ஒரே கூம்பு வடிவில் இரண்டை அவர் முன்னால் வைத்தேன். "இது குத்தினா விஷம். மற்றது வேற இனம். அதின்ர வாய் ஓரத்தில இருக்கிற சின்ன வளைவைப் பாருங்கோ, நத்தை கண்ணை வெளியில நீட்டிப் பாக்கிற இடம். அசிட் அதை அழிக்கேல்ல."

அவர் ஒரு மட்டியைத் திருப்பி, அதிலிருந்த துளையைக் காட்டினார். "நண்டு கடிச்சதோ?"

"நண்டு உடைக்கும் சேர். இப்பிடி வெளியில அகலமா, உள்ளுக்கு ஒடுக்கமா வட்டம் போடாது. இது இன்னொரு நத்தை துளைச்சுத் தின்றது."

ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். இரண்டை மட்டும் தள்ளி வைத்தேன். "இந்த ரெண்டும் ஏலாது. தோலில்லாமச் சொன்னா அது பொய்."

"அப்ப அந்த ரெண்டையும் ஊத்தையோட கொண்டுவாங்கோ. தலைப்பைப் பற்றிப் பிறகு கதைப்பம்."

பிறகு என்ற சொல்லை நான் நம்புவதில்லை. எங்கள் வீட்டில் எத்தனையோ பேரின் படிப்பு அந்தச் சொல்லால்தான் தொடங்காமலே போனது. அடுத்த நாள் விடியவே சல்லிக் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மாவும் இறங்கினார். ஒன்று கிடைத்தது. தோலும் மூடியுமாக, நாற்றத்தோடு, அதை அப்படியே போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். மற்றதை அம்மா இன்னும் தேடுகிறார். அது கிடைக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. சல்லிக் கரையின் பெயரோடு என் தலைப்பை எழுதி, கம்பஸ் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.