அறுந்தது என் நூல் இல்லை

போன வருடம் ஜூன் பள்ளி விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் மரினா அணைக்கட்டின் கூரைமேல் இருக்கும் புல்வெளியில், சாயங்காலம் நல்ல காற்று வீசும் நேரத்தில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. சிராங்கூன் ரோட்டில் மூட்டை இறக்கும் ஆளாக வந்து, அதே ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தமாக ஹார்ட்வேர் கடை போட்டவன். குழாய், பூட்டு, மோட்டார், மின்விசிறி, எதில் எது உடைந்தாலும் கம்பெனி பாகம் வாங்காமல் வேறு சாமானை வைத்து ஓட வைத்துவிடுவேன். "அந்த அண்ணன் கடைக்குப் போ, எப்படியாச்சும் ஒப்பேத்திக் குடுத்துருவாரு" என்று தேக்கா பக்கம் என்னைப் பற்றிப் பேச்சு. அதை நான் மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

கடையை மகனிடம் விட்டபிறகு ஈசூன் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. மனைவியோடு காற்று வாங்கப் போன இடத்தில்தான் இந்தப் பட்டங்களைப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் விடுகிற பட்டம் இல்லை. இதற்கு இரண்டு நூல், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. வலது கையை இழுத்தால் வலது பக்கம் வெட்டித் திரும்பும். இரண்டையும் தளர்த்தி ஒரு சுண்டு சுண்டினால் நடுவானத்தில் குட்டிக்கரணம் போடும். அறுபது தாண்டிய பிறகு இதைக் கற்றுக்கொண்டேன். அங்கே விடுகிறவர்களில் பாதிப் பேர் இன்ஜினியர்கள். அவர்கள் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகியதை நான் கையாலேயே பிடித்துவிட்டேன். இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பட்டத்திலும் என் ஒப்பேற்றும் வேலையைக் காட்டினேன். குச்சிகளைச் சேர்க்கும் ரப்பர் மூட்டு கிழிந்துபோனால் மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். நான் பெட்ரோல் குழாயில் ஒரு துண்டு வெட்டி, ஓட்டை போட்டு மாட்டிவிடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது அவர்கள் ரப்பரைவிட நன்றாகவே உழைத்தது. இன்ஜினியர்களே என்னிடம் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அங்கே எனக்கு ஜோடியாக விடுகிறவர் ஒரு பெண்மணி. ஐம்பதை நெருங்கும் வயது. பேருந்து ஓட்டுகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தோ பாயோவில் தாயாரோடு இருக்கிறார். என்னை அண்ணே என்பார், என் மனைவியை அண்ணி என்பார். ஜோடி ஆட்டம் என்பது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, இரண்டு பட்டங்களையும் ஒன்றை ஒன்று சுற்ற விடுவது. நான்கு நூலும் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொள்ளும். ஆனாலும் நூல் வழுக்கி வழுக்கி ஓடுவதால் பட்டம் சொன்னபடி கேட்கும். பிறகு எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கு தானாகப் பிரிந்துவிடும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அந்தப் பெண்ணின் தாயாருக்குக் கண் பார்வை போய்க்கொண்டே இருந்தது. நீலமும் கறுப்பும் அவருக்கு வானத்தோடு வானமாகிவிடும். பளிச்சென்ற மஞ்சள் மட்டும் இன்னும் தெரிந்தது. மிச்சம் இருப்பதும் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்காகவே அந்தப் பெண் ஒரு மஞ்சள் பட்டம் சொல்லி வரவழைத்தார்.

"நான் பஸ் ஓட்டுறதை அம்மா பார்த்திருக்கு. இதை மட்டும் பார்த்ததே இல்லண்ணே. கண்ணு இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துட்டா போதும்" என்று என்னிடம் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தாயாரைக் கூட்டி வருவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின வாரம் என் நூல் நைந்துபோயிருந்தது. நாங்கள் கட்டுவது மெல்லிய பின்னல் நூல், விலை கூடியது. ஜோடியாக விடுகிறவர்கள் எல்லோரும் ஒரே வகை நூல்தான் கட்ட வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. அது எனக்குப் பெரிய இடத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரிச் செருப்பு போடுகிற மாதிரிதான் தோன்றியது. கடையின் பின்பக்கம் ஒரு உருளை நைலான் நூல் தூசி படிந்து கிடந்தது. சிமெண்ட் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அதையே கட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் உடனே கவனித்துவிட்டார். "அண்ணே, நூல் பளபளன்னு இருக்கே. நம்ம நூல்தானே?"

"நூல்ல என்னம்மா நம்ம நூல், அடுத்தவன் நூல்? உன் நூலைவிட ரெண்டு மடங்கு தாங்கும். மூட்டையத் தொங்கவிட்டுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சக்கர நாற்காலியில் இருந்த தாயார் "காத்து என்னடி இந்த அடி அடிக்குது?" என்று கூப்பிட்டார். அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

என் மனைவி போய் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அன்றைக்குப் பஞ்சாபி சூட் போட்டு, எலுமிச்சை மஞ்சளில் ஒரு புது ஷால் போட்டிருந்தாள்.

தாயார் அவளை அண்ணாந்து பார்த்தார். "பளிச்சுனு மஞ்சளா நிக்கிறியே, நீ யாரும்மா?"

"இவரு பொண்டாட்டிம்மா."

"எவரு?"

"அதோ, வாய் ஓயாமப் பேசிட்டு நிக்கிறாரே, அவரு."

"அது கேக்குது. அதுக்குக் கண்ணு வேணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அன்றைக்கு மனசு அவ்வளவு நிறைந்திருந்தது.

பட்டங்களை ஏற்றினோம். எனக்கு நீலம், அவருக்கு மஞ்சள். என் நூல் கொஞ்சம் இழுபட்டது. கை சொன்ன பிறகு பட்டம் யோசித்துவிட்டுத் திரும்பியது. அதையும் நான் பின்னால் நகர்ந்து சமாளித்தேன்.

"எங்கடி?" என்றார் தாயார்.

"மேலம்மா. அந்த உயரமான கட்டடத்துக்கு இந்தப் பக்கம்."

"அந்த வெள்ளையா?"

"அது பிளேன்மா!"

அந்தப் பெண்ணின் இரண்டு கையிலும் நூல் இருந்ததால் கை நீட்டிக் காட்ட முடியவில்லை. என் மனைவி தாயாரின் முகவாயைப் பிடித்து மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, "சுத்தலாம்மா, அம்மா பாக்கட்டும்" என்று நான்தான் ஆரம்பித்தேன். பட்டங்கள் ஒன்றை ஒன்று சுற்றின. ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு. மூன்றாவது சுற்றில் டப்பென்று ஒரு சத்தம்.

மஞ்சள் பட்டத்தின் ஒரு நூல் போய்விட்டது. மிச்சம் இருந்த ஒற்றை நூலில் அது தலை சுற்றினாற்போலச் சுழன்று சுழன்று இறங்கி, ஓரத்துக் கான்கிரீட் சுவரில் மூக்கால் மோதியது. என் நீலப் பட்டம் மேலே நின்றது.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? புல்வெளி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "பாத்தியா! விலை கூடின நூலு அறுந்துச்சு, என் நூலு எப்படி நிக்குது பாரு!"

அந்தப் பெண் ஓடி வந்தார். பட்டத்திடம் இல்லை, என்னிடம். "அண்ணே, கையைக் காட்டுங்க. முறுக்குல இழுத்ததுல வெட்டிருச்சா?" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பட்டத்தை எடுக்கப் போனார்.

"என்னடி சத்தம்? எங்க இருக்கு, எனக்குத் தெரியலையே" என்றார் தாயார்.

"இரும்மா, காத்து மாறிடுச்சு. மறுபடி ஏத்துறேன்" என்றார் இவர். குரலில் ஒன்றும் காட்டவில்லை.

மஞ்சள் பட்டத்தின் நடுக்குச்சி துடைப்பம் மாதிரி பிளந்திருந்தது. துணி ஓரத்திலிருந்து பாதி வரை கிழிந்துவிட்டது. என் மனைவி புல்லில் கிடந்த நூலைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். சுருட்டும்போதே அவள் கை ஒரு இடத்தில் நின்றது. அவள் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். நைலான் நூலின் நுனியை நெருப்பில் காட்டி முடிச்சிடுகிற பழக்கம் உள்ளவள்.

"ஏங்க, இது அறுந்ததில்ல. உருகியிருக்கு" என்றாள். நுனியைத் தொட்டுப் பார்த்தேன். கடுகளவு ஒரு குமிழ், கெட்டியாக இருந்தது.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் தயங்கித்தான் சொன்னார். "ஒரே வகை நூலுன்னா வழுக்கிட்டுப் போயிடும் அண்ணே. வேற நூல் மேல உரசினா சூடாயிடும். நம்ம நூலு இழுவை தாங்கும், சூடு தாங்காது. நைலான் தாங்கும். விடுங்க, இதெல்லாம் நடக்கிறதுதான் லா."

"தெரிஞ்சா முன்னாலயே சொல்லக் கூடாதா?" என்றேன். அப்போதும் என் வாய் அடங்கவில்லை.

"கேட்டேனேண்ணே" என்றார். அவ்வளவுதான்.

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். பையைத் திறந்து பெட்ரோல் குழாய், பசை நாடா, கம்பி எல்லாவற்றையும் வெளியே கொட்டினேன். ஆயிரம் பேருக்கு ஒப்பேற்றிக் கொடுத்த கைக்கு அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை. வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போனால் மஞ்சளும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. மகளின் வேலை நேரம் எப்போது மாறும், தாயாரை மறுபடி எப்போது அழைத்து வர முடியும், அதுவரை கண் இருக்குமா, யாருக்குத் தெரியும்?

என் மனைவி தாயாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் ஷாலைக் கழற்றி, "கத்தியக் குடுங்க" என்றாள்.

"எதுக்குடி?"

"உங்க பட்டம் நீலம். அந்தம்மாவுக்குத் தெரியாது. இது தெரியும். வந்ததும் முதல்ல என்னையா பாத்தாங்க? இதைத்தானே பாத்தாங்க."

"அண்ணி, வேணாம், புதுசு..." என்று அந்தப் பெண் தடுத்தார். அதற்குள் ஷால் நீளவாக்கில் கிழிந்துவிட்டது. துண்டுகளை ஒன்றோடு ஒன்று முடிந்து, என் பட்டத்தின் அடியில் வாலாகக் கட்டினாள். அந்தப் பெண் தன் பையிலிருந்து இன்னொரு சுற்று நூலை எடுத்தார். என் நைலானை நானே அவிழ்த்தேன். என் பட்டத்தை அதுவரை யாரையும் தொட விட்டதில்லை. கைப்பிடிகளை அவரிடம் கொடுத்துவிட்டு, பட்டத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொடுக்கும் ஆளாகத் தூரத்தில் போய் நின்றேன்.

பட்டம் எழுந்தது. பின்னாலேயே மஞ்சள் வால் விரிந்து போனது. நான் அவர்கள் பக்கம் ஓடி வந்தேன்.

தாயார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயையோ, அந்தப் பொண்ணு ஷாலு பறந்து போகுதுடி! யாராச்சும் புடிங்க!"

"போகலம்மா" என்றார் மகள். "நான்தான் புடிச்சிருக்கேன்."

"நீயா?"

"நான்தான். இப்ப வலது பக்கம் கொண்டு போறேன், பாரு."

அந்த அம்மாவின் ஆள்காட்டி விரல் மெதுவாக எழுந்து வலது பக்கம் போனது. மகள் இடது பக்கம் திருப்பினார். விரலும் இடது பக்கம் வந்தது. பெரிய வட்டம் போட்டார். விரலும் வட்டம் போட்டது. என் மனைவி கண்ணைத் துடைக்க ஷாலைத் தேடிவிட்டு, கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாயார் கேட்டார். "இதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை ஆனா வீடு தங்காம ஓடுறியா?"

"ஆமாம்மா."

"சரி, ஓடு."

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் விரலுக்காக இன்னொரு பெரிய வட்டம் போட்டார்.

ரயிலில் வீடு திரும்பும்போது, "என்ன, வாயைக் காணோம்?" என்றாள் மனைவி. வழக்கமாக நான் விடமாட்டேன். அன்றைக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மஞ்சள் பட்டத்துக்குச் சரியான குச்சியையே வரவழைத்தேன். மற்றவர்களைப் போல நானும் காத்திருந்து, என் கையாலேயே கோத்துக் கொடுத்தேன். துணியை மனைவி தைத்தாள். இப்போது அந்த அம்மாவுக்கு மஞ்சளும் தெரிவதில்லை. ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருகிறார். பட்டம் காற்றை வெட்டும் சத்தம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகிறார். "நீ மஞ்சள்தானே போட்டிருக்க?" என்று என் மனைவியிடம் கேட்பார். அவள் எந்த நிறம் போட்டிருந்தாலும் ஆமாம் என்பாள்.

அந்த நைலான் நூல் எங்கள் வீட்டு வாசல் தாழ்வாரத்தில் பாகற்கொடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நல்ல நூல், அதைக் குறை சொல்லமாட்டேன். என் பட்டத்தின் மூட்டுக்கு இன்றைக்கும் பெட்ரோல் குழாய்தான். அதில் நான் தோற்கவில்லை. அது கிழிந்தால் விழப்போவது என் பட்டம் மட்டும்தான். இத்தனை வருடம் கடை நடத்தியும் எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் 'இது எவ்வளவு தாங்கும்' என்று மட்டுமே பார்த்துப் பழகியவன், அன்றிலிருந்து அதை மாட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.