யோகாம்பாளின் மருந்துக்கடைக் கார்ட்

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் அந்தக் கட்டடத்தில் குடியிருந்த தமிழர் எல்லாருக்கும் மருந்துக்கடையில் ஒரே பெயர்தான். யோகாம்பாள். புருசனைப் பறிகொடுத்தபின் தம்பி வீட்டோடு இருந்தவள், நாற்பத்தைந்தைத் தொட்டவள், நீரிழிவுக்காரி. மாதம் தவறாமல் மருந்து வாங்குகிறாள் என்று கடை அவளுக்கு ஒரு கார்ட் கொடுத்திருந்தது. நீட்டினால் பத்து வீதம் கழிவு. நம்மவர்கள் சும்மா விடுவார்களா? யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் தட்டுப்படுவது யோகாம்பாளின் கதவு. அவளும் முகம் சுளிக்காமல் கார்ட்டை எடுத்துக் கொடுப்பாள்.

பவதாரணியும் வாங்கினாள். சின்னவளுக்கு இருமல் என்று சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் வாங்கினாள். இருமலாவது மண்ணாவது! அவள் வாங்கியது கருத்தடைக் குளிசை.

இரண்டு பெண் பிள்ளைகள் பெற்று, முதியோர் இல்லத்தில் தரை துடைத்துத் துடைத்து அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. இன்னொன்று வேண்டாம் என்று டாக்டரிடம் அழுது குளிசை எழுதுவித்துக்கொண்டாள். இந்த நாட்டுக் காப்புறுதி எதெதற்கோ கொடுக்கும், இதற்குக் கொடுக்காது. சம்பளமெல்லாம் கணவன் ஆரணனின் கைக்குப் போய்விடும். வீட்டுச் செலவுக்கு அவன் தருவதில் துண்டு விழாமல் பிடிக்க வேண்டுமென்றால் அந்தக் கழிவு வேண்டும். மாமி இரத்தினம்மாவோ பேரன் வேண்டுமென்று வெள்ளிதோறும் விரதம். குளியலறையில் குளிசையை விழுங்கிவிட்டு வந்து மாமிக்கு விரதச் சோறு சமைப்பாள் பவதாரணி. பரிமாறும்போது மாமியின் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

இரண்டாயிரத்து நாலில் ஒருநாள் கடையில் அந்தக் குளிசை முடிந்திருந்தது. விற்பனைப் பெண் கார்ட்டின் பெயரிலேயே பதிந்துவிட்டு, வந்ததும் போன் பண்ணுகிறோம் என்றாள். வேறு தமிழர் யாரும் உள்ளே வருவதற்குள் வெளியேறிவிட வேண்டும் என்ற அவசரத்தில் பவதாரணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கார்ட்டில் இருப்பது யாருடைய போன் நம்பர் என்று அவளுக்கு ஓடவேயில்லை.

போனை எடுத்தது யோகாம்பாளின் தம்பி பெண்சாதி. கடைக்காரப் பெண் மருந்தின் பெயரை மட்டும்தான் சொன்னாள். அது போதுமாயிருந்தது. தம்பி பெண்சாதி வருடக் கணக்கில் போட்ட குளிசையல்லவா? தான் போட்டதை மட்டும் விழுங்கிவிட்டு, மிச்சத்தை நிலவறைச் சலவை அறையில் வைத்து ஒவ்வொருத்தியின் காதிலும் ஊதினாள். அந்தக் கார்ட்டைத் தாங்களும் வாங்கியதை ஒருத்தியும் நினைத்துப் பார்க்கவில்லை.

இரத்தினம்மா துவைத்த துணிக்கூடையோடு செய்தியையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"கேட்டியே பிள்ளை? உவள் யோகாம்பாள் பிள்ளை பிறக்காமல் இருக்கக் குளிசை எடுக்கிறாளாம். புருசனில்லாதவளுக்கு ஏன் உது?"

அது என்னுடையது மாமி என்று சொல்லப் பவதாரணி வாயைத் திறந்தாள்.

"ஆரைத்தான் நம்புறது மாமி" என்றாள்.

அப்படிச் சொல்லு என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். அன்று முழுவதும் அந்த ஒரு வசனம் அவள் வாய்க்குள் கசந்துகொண்டேயிருந்தது. ஆரணன் சாப்பிட வந்து என்ன முகம் இப்படியிருக்கு என்று கேட்டபோது தலையிடி என்றாள்.

மறுநாள் யோகாம்பாளே வந்து நின்றாள். கையில் மருந்துக்கடைப் பை. இரத்தினம்மா வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

"பிள்ளையின்ரை இருமல் மருந்து வந்திட்டுது, பவா. கடைப்பக்கம் போனனான், எடுத்துக்கொண்டு வந்தனான்."

பை தட்டையாய் இருந்தது. இருமல் மருந்துப் போத்தலின் பாரம் அதில் இல்லை. கடைசியாகக் கார்ட் வாங்கியவளை மறக்காமல், எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்று பவதாரணிக்கு விளங்கிவிட்டது. யோகாம்பாள் திரும்பிப் போக, படி வரைக்கும் பின்னால் ஓடினாள்.

"யோகமக்கா, நான் மாமியிட்டைச் சொல்லுறன். இப்பவே சொல்லுறன்."

"சொல்லி? உன்னை இந்த வீட்டிலை இருக்க விடுவினமோ?" யோகாம்பாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு ஆர் இருக்கினம் கணக்குக் கேட்க? கதைக்கிறவை கதைச்சு ஓய்வினம். நீ உள்ளை போ."

இல்லை அக்கா என்று இவள் இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. என்ன பிறவி நான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய், பையை உடுப்புகளுக்கடியில் ஒளித்தாள்.

கதை ஓயவில்லை. அடுத்த வெள்ளி கோயிலில் அன்னதானம். அரிவாள்மணையோடு மரக்கறி வெட்ட முதல் ஆளாக உட்காருகிற யோகாம்பாளை அன்று காணவில்லை.

"மச்சாளை இனிச் சமையல் பக்கம் வரவேண்டாம் எண்டு நாங்களே சொல்லிப்போட்டம்" என்றாள் தம்பி பெண்சாதி, எல்லாருக்கும் கேட்கும்படி. "சாமிக்குப் படைக்கிற சாப்பாடெல்லே."

பெண்கள் ஓம் என்று தலையாட்டினார்கள். அப்போ யார் வெட்டுவது என்ற கேள்வி வந்தது. இரத்தினம்மா பெருமையோடு மருமகளின் தோளைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினாள்.

"என்ரை பிள்ளை இருக்கிறாள். குற்றம் குறை சொல்ல ஏலாத கை."

எல்லாரும் பவதாரணிக்கு இடம்விட்டு நகர்ந்தார்கள். அவள் யோகாம்பாளின் இடத்தில் உட்கார்ந்து, அரிவாள்மணையைத் தன் பக்கம் இழுத்து, முதல் வாழைக்காயை எடுத்தாள்.